அசல் சீனம்

"பெரிய தலை இறாலு" என்று அவள் சொன்னது என்னைத்தான். சித்தூர் மிஷன் போர்டிங் பள்ளிக்கு நான் தையல் டீச்சராக வந்து சேர்ந்த முதல் வாரம். கத்தரிக்கோலைக் காணோம். வகுப்பறை, படுக்கையறை, கிணற்றடி எல்லாம் தேடினேன். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துத் திட்டினேன். கடைசியில் சமையலறை வாசலில் போய் நின்று கத்தினேன். அடுப்பின் முன்னால் மரக்கட்டைச் செருப்போடு நின்ற சமையல்காரி திரும்பி என் இடுப்பைப் பார்த்தாள். கத்தரிக்கோல் அங்கேதான் செருகியிருந்தது.

"தாய் தௌ ஹா" என்றாள். பிறகு எனக்காகத் தமிழில் ஒரு முறை: "பெரிய தலை இறாலு."

சித்தூரில் இறாலை யார் கண்டது? கடல் எங்கே, நாங்கள் எங்கே? திட்டுகிறாள் என்று மட்டும் புரிந்தது. "இன்னா சொன்ன நீ?" என்று சண்டைக்குப் போனேன்.

"கோவம் வேணாம் டீச்சரம்மா. நாளைக்குக் காட்டறேன் இரு."

மறுநாள் கருவாட்டுக் கடையிலிருந்து காய்ந்த இறால் ஒன்றைத் தலையோடு கொண்டுவந்து என் தையல் மேசையில் வைத்தாள். "பாரு, தலை எம்மாம் பெருசு. ஒடைச்சிப் பாரு, உள்ள இன்னா கீது? ஒண்ணுமில்ல. கையில வெச்சிக்கினே ஊரெல்லாம் தேடற ஆளுங்களுக்கு, நான் இருந்த சீனாக்காரங்க ஊர்ல இதான் பேரு."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் குடத்தை மறந்துவிட்டு வெறும் தலையோடு வந்து நின்ற தண்ணீர்க்காரியை நான் என்னவென்று சொன்னேன் தெரியுமா? பெரிய தலை இறால் என்றுதான். வேறு சொல் வாயில் வரவில்லை. அவளிடம் பழகிய எல்லோருக்கும் இதுதான் நடந்தது.

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. சபையிலும் சந்தையிலும் அவள் சீனாக்கா. ஆள் அசல் எங்கள் பக்கத்துத் தமிழச்சி. பாகாலாவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். புருஷன் மலாயாவில் ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிற வேலை கிடைத்துப் போனபோது கூடப் போனாள். ஈப்போ என்ற ஊர். சுற்றிலும் ஈயச் சுரங்கம். அவர்கள் இருந்த வரிசை வீட்டில் இவர்களைத் தவிர எல்லோரும் சீனர்கள், கான்டன் பக்கத்து ஆட்கள். அடுத்த வீட்டுக்காரி இடுப்பளவு தண்ணீரில் நின்று தட்டில் ஈய மணல் அலசுகிறவள். இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மணிக்கணக்கில் பேசிக்கொள்வார்களாம். அந்த அம்மாள் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பேச்சே "கை துங் ஆப் கோங்." கோழி வாத்தோடு பேசுகிற மாதிரி. நீ பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது உனக்குப் புரியவில்லை, ஆனாலும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

புருஷன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். அவள் ஒரு பெட்டியும் அந்த மரக்கட்டைச் செருப்புமாகக் கப்பலேறி வந்தாள். போர்டிங்கில் சமையல் வேலையும், சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறையும் கிடைத்தன. உலகத்தில் அவளுக்கு இருந்த இடம் அந்த அறை ஒன்றுதான். ஊரில் வீடு இல்லை, போனால் கதவு திறக்க ஆளும் இல்லை. இதை அவள் அழுதுகொண்டு சொன்னதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏன்க்கா அந்தப் பேச்சையெல்லாம் தமிழ்ல திருப்பிச் சொல்லிக்கினு இருக்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சீனத்துல சொன்னா யாருக்கு வெளங்கும்? சொல்லாம இருந்தா எனக்கே மறந்துடும். மறந்துட்டேன்னா அந்தப் பொம்பள என்கூடப் பேசினதெல்லாம் எங்க போறது?"

அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து, "ஒக்காந்து தண்ணி ஊதிக்கினு இருக்காத. பிள்ளைங்க கிளாஸ்ல காத்துனு இருக்கும்" என்று துரத்தினாள். தண்ணி ஊதுவதென்றால் வெட்டிப்பேச்சு.

அவள் எதையும் விளக்கமாட்டாள். "காட்டறேன் இரு" என்பாள். யாராவது அந்தக் காரியத்தைச் செய்கிற வரைக்கும் காத்திருப்பாள். செய்ததும் கரண்டியை நீட்டி, "அதோ!" என்பாள். வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறவர்களைப் பேய் மண்ணு துன்ற மாதிரி பேசுவதாகச் சொல்வாள். இரண்டு பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு நம் முன்னால் சண்டை போடுகிற மாதிரி நடித்தால் அது பூனை வாலை இழுக்கிறது. ஒருமுறை பெரிய வகுப்புப் பெண்கள் கும்பலாக விளையாடித் துளசிச் செடித் தொட்டியை உடைத்துவிட்டார்கள். ஒன்றும் செய்யாத ஒரு பெண் தோழிகளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், தான்தான் உடைத்ததாக ஒப்புக்கொண்டு வெயிலில் முட்டி போட்டாள். சீனாக்கா அவளுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்: "அந்தப் பொண்ணு செத்த பூனையைத் துன்னுது."

அடுத்தவன் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வது செத்த பூனையைத் தின்பது. நமக்கு இதைச் சொல்ல ஒரு வரி வேண்டியிருக்கிறது. அவர்கள் ஒரு பூனையில் முடித்துவிட்டார்கள்.

இந்தப் பேச்சு போர்டிங் சுவருக்குள் நிற்கவில்லை. பிள்ளைகள் லீவுக்குப் போகும்போது புத்தூருக்கும் குப்பத்துக்கும் கொண்டுபோனார்கள். சந்தையில் கீரை விற்கிற தெலுங்குக்காரி ஒருத்தி, பேரம் பேசியே நேரத்தைக் கடத்திய ஆளிடம் "நீள்ளு ஊதகு ரா!" என்று கத்தியதை என் காதால் கேட்டேன். தண்ணி ஊதாதே என்கிறாள், தெலுங்கில். நான் கீரை வாங்க மறந்து சிரித்துக்கொண்டு நின்றேன்.

எல்லோருக்கும் பிடித்தது. ஒருவரைத் தவிர.

அவர் சிரஸ்தார். கலெக்டர் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். சபையில் மூப்பர். போர்டிங்கை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணியம்மாவுக்குச் சாயங்காலங்களில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற முன்ஷியும் அவர்தான். எனக்கு அவரைப் பிடிக்காது. செத்துப்போய் இத்தனை வருஷமான பிறகும் பெரிதாகப் பிடித்துவிடவில்லை. தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. யார் எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்.

பிரசங்கம் தொடங்கியதும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். தலை மெல்லக் கீழே போகும், சடக்கென்று மேலே வரும், மறுபடி கீழே போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் சீனாக்காவிடம், "மீன் புடிக்கறதுன்னா இன்னாக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

"காட்டறேன் இரு" என்றாள் சீனாக்கா. கொஞ்ச நேரம் பொறுத்தாள். சிரஸ்தாரின் தலை கீழே போய்ச் சடக்கென்று மேலே வந்தது.

"அதோ! தூண்டில்ல மாட்டிச்சி!"

உட்கார்ந்தபடி தூங்கி விழுவதற்கு அந்த ஊரில் அதுதான் பேர். பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. போதகர் பிரசங்கத்தை நிறுத்தினார். சிரஸ்தார் விழித்துக்கொண்டு, எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல், "ஆமென்" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பொறாமைக்காரியை அவள் "காடி குடிக்கிறா", அதாவது வினிகர் குடிக்கிறாள், என்று சொல்வதைப் பிடித்துக்கொண்டார். "சிலுவையில ஆண்டவருக்குக் கொடுத்தது காடி. அதைப் போய் இவ கேலிப் பேச்சாக்கிட்டா. அஞ்ஞானிங்க பேச்சைப் பிள்ளைங்க வாயில ஊட்டறா" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். போதகர் நல்லவர். நல்லவர் என்றால், கடைசியாக வந்து பேசியவர் யாரோ அவர் பக்கம்.

அந்த வருஷம் போர்டிங்குக்குப் பெரிய அண்டா வாங்கத் திருப்பதிக்குப் போனோம். அண்டாவைத் தட்டிப் பார்க்க சீனாக்கா, அவளுக்குத் துணையாக நான், எங்கள் இரண்டு பேரையும் மேய்க்க சிரஸ்தார். வண்டி பாகாலாவில் நின்றபோது அவள் ஜன்னல் வழியாகத் தன் ஊர்ப் பக்கம் பார்த்துவிட்டு, "ஒரு ஆள் கூட வரல பாரு, நான் பெரிய மனுஷின்னு தெரியல" என்று சிரித்தாள்.

திருப்பதியில் பாத்திரக் கடைத் தெருவில் ஒரு சீனாக்காரன் நின்றிருந்தான். சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பட்டுத் துணி விற்கிறவன். மொட்டை போட்ட யாத்ரிகர் கூட்டம் அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. சீனாக்கா அவனைப் பார்த்ததும் கையிலிருந்த அண்டா மூடியை என்னிடம் தள்ளிவிட்டு ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

மூச்சு வாங்க அவன் முன்னால் நின்று, சாப்பிட்டாயா என்று சீனத்தில் கேட்டாள். அவன் முழித்தான். மறுபடி கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். இப்போது இவள் முழித்தாள். அவன் பேச்சு வேறு ராகத்தில் இருந்தது, எனக்கே தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"கை துங் ஆப் கோங்! டீச்சரம்மா, கோழியும் வாத்தும்! மறுபடி கோழியும் வாத்தும்!"

அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமலே. அவள் எங்கள் கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்து அவனுக்குப் புளிச்சோறு வைத்தாள். அவன் நடுத்தெருவில் குந்திச் சாப்பிட்டுவிட்டு, சிவப்புப் பட்டில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான். சாகும்வரை அதை அவள் பெட்டியில் வைத்திருந்தாள்.

சிரஸ்தார் முகத்தில் தீபாவளி. "பாத்தியா டீச்சரம்மா? சீனாக்காரனுக்கே வெளங்கல. இவளுக்குச் சீனமும் தெரியாது ஒண்ணும் தெரியாது. அத்தனையும் இவளா கட்டிவிட்ட புளுகு!"

"ஐயா, அவன் வடக்கத்திச் சீனாக்காரன். நான் பேசறது தெக்கத்திப் பேச்சு" என்றாள் அவள்.

"சீனான்னா ஒரு சீனாதான்."

எனக்குத் தாங்கவில்லை. "ஏன்யா, பெஷாவர்லேந்து ஒரு பட்டாணி சாயபு வந்தா நீங்க அவனாண்ட தமிழ்ல பேசுவீங்களா? அவனும் இந்தியாக்காரன்தானே? இந்தத் தெருவுலயே பாதிப் பேரு தெலுங்கு, பாதிப் பேரு தமிழு. இது கூடவா தெரியாது உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பட்டாணி வேற" என்றார்.

திரும்பி வந்ததும் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். சமையல்காரி அஞ்ஞானிகளின் பாஷையைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள், அது சீன பாஷை என்று பொய்யும் சொல்கிறாள், வேலையைவிட்டு நீக்கவேண்டும்.

விசாரணை நாளன்று காலையில் அவள் வழக்கம்போலக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு என்னைக் கணவாய் வறுக்கப் போறாங்க" என்றாள். கணவாய் கடலில் இருக்கிற ஒரு பிராணி. சட்டியில் போட்டால் பாய் மாதிரி சுருண்டுவிடுமாம். வேலை போனவன் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதானே, அதனால் அந்தப் பேச்சு.

"எங்கக்கா போவ?"

"தெரியலடி" என்றாள். அவள் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மத்தியானம் ஆபீஸ் அறையில் கூடினார்கள். மேசைக்குப் பின்னால் துரைசாணியம்மா, இந்தப் பக்கம் போதகர், அந்தப் பக்கம் சிரஸ்தார். சீனாக்கா மரச்செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றாள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

துரைசாணியம்மா வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே தமிழ் பேசுவார். புகாரை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டார்: "முன்ஷி, எனக்கு விளங்கவில்லை. இவள் பேசுவது சீனமா, இல்லையா?"

"இல்லம்மா. திருப்பதியில கண்ணால பாத்தேன். சீனாக்காரனுக்கே வெளங்கல."

"அப்படியானால் அஞ்ஞானிகளின் பாஷை என்று ஏன் எழுதினீர்கள்? தமிழ் பேசியது குற்றமா?"

"அய்யோ, தமிழ் இல்லம்மா. சீனந்தான்."

"அப்படியானால் அவள் பொய் சொல்லவில்லையே."

சிரஸ்தார் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "ரெண்டும் இல்லம்மா. இவளா கட்டினது. தமிழ்ல இப்பிடி எவனும் பேசினதில்ல, பேசவும் மாட்டான்."

"ஆமாம்" என்றார் போதகர், சிரஸ்தார் கடைசியாகப் பேசியதால்.

"உதாரணங்கள் வேண்டும்" என்றார் துரைசாணியம்மா. "டீச்சர், நீங்கள் சொல்லுங்கள்."

எனக்கு உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல வராது. சொன்னேன். "பெரிய தலை இறால்."

துரைசாணியம்மா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"தண்ணி ஊதறது."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பேய் மண்ணு துன்ற மாதிரி பேசறது."

எழுந்து நின்றுவிட்டார். "நிறுத்துங்கள். இவை தமிழ் அல்லவா?"

துரைசாணியம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நான் இவற்றை மெட்ராஸில் தமிழ்ப் பரீட்சையில் சொன்னேன்! ஜனங்களின் வழக்குகள் சில சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இந்த மூன்றையும் சொன்னேன். பண்டிதர்கள் ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டார்கள்! பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றேன். ஆனால் போகும் முன்னால் ஒவ்வொன்றையும்…" மெல்ல சிரஸ்தார் பக்கம் திரும்பினார். "முன்ஷி, உங்களிடம் கேட்டேன். பழைய வடாற்காட்டு வழக்கு, சுத்தமான தமிழ் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

சிரஸ்தார் சமையலறைப் பக்கமே வராதவர். இந்த மூன்றும் அங்கிருந்துதான் வந்தன என்று அப்போது அவருக்குத் தெரியாது. துரைசாணி கேட்டார், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, பழைய வழக்கு என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு முன்ஷி என்ற அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கச்சேரியில் இப்போது அவரைக் கண்டு யாரும் எழுந்து நிற்பதில்லை. வாய் திறந்திருந்தது, கழுத்தைத் துடைத்த துண்டு மடியில் விழுந்து கிடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்கவேண்டும்? ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது கதவருகிலிருந்து சீனாக்கா சொன்னாள்.

"ஐயா மேல தப்பு இல்லம்மா. நீங்க கேட்டதும் அவரு நேரா என்னாண்ட வந்து விசாரிச்சாரு. இதெல்லாம் எங்க தாத்தன் காலத்துத் தமிழுன்னு நான்தான் சொன்னேன். நம்பிட்டாரு."

பச்சைப் பொய். அவர் எந்த நாளில் இவளிடம் வந்து விசாரித்தார்? போதகருக்கும் அது பொய் என்று தெரியும், எனக்கும் தெரியும். துரைசாணிக்கு மட்டும் தெரியாது.

"நீ அவரை ஏமாற்றினாயா?"

"ஆமாம்மா."

"பொய் சொல்கிறவளைப் பிள்ளைகள் நடுவில் வைத்துக்கொள்ள முடியாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. பாயைச் சுருட்டிக்கறேன்."

குனிந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு கட்டைச் செருப்பில் கால் நுழைந்த சத்தம் கேட்டது.

"அம்மா" என்றார் சிரஸ்தார். பாதி எழுந்து நின்றார், மேசையைப் பிடித்துக்கொண்டு. "அம்மா, அவ வந்து…" கலெக்டர் துரைக்கே மனு எழுதிக்கொடுத்தவர். சொல் தேடினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் வந்தது, பிள்ளைகள் வாயில் அவர் கேட்டிருந்த ஒன்றுதான்.

"அவ செத்த பூனையைத் துன்றாம்மா."

போதகர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரைசாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார்.

"பூனையா? அப்படியென்றால் என்ன?"

"செய்யாத தப்பைத் தான் செஞ்சதா ஏத்துக்கறதும்மா. அவ எனக்கு ஒண்ணும் சொல்லல. நான் போய்க் கேக்கவும் இல்ல. எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

தெரியாது! அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை.

துரைசாணி மறுபடி உட்கார்ந்து காகிதத்தை அருகில் இழுத்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்தார். "செத்த பூனை. இதுவும் பழைய வடாற்காட்டு வழக்கா, முன்ஷி?"

"இல்லம்மா" என்றார் சிரஸ்தார். "சீனம். அசல் சீனம்."

துரைசாணிதான் முதலில் சிரித்தார். பண்டிதர்கள் எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்திருக்கவேண்டும்; மேசையில் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு போதகர். பிறகு நான். புகார்த் தாளை மடித்து ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கு அடியில் செருகிவிட்டார் துரைசாணி. வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்த சீனாக்கா, "சோறு அடி புடிக்குதும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சமையலறைக்குப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உன்னைத் துரத்த வந்த ஆளுக்காகவாக்கா? பைத்தியமா நீ?"

"அந்த மனுஷன் மொகத்தைப் பாத்தியா நீ? எனக்குப் பாக்கக் கண்ணில்லடி."

பார்க்கக் கண்ணில்லை என்றால் பார்க்கப் பொறுக்கவில்லை என்று அர்த்தம். அதுவும் அந்த ஊர்ப் பேச்சுதான். நான் நன்றாகக் கண்ணிருந்து பார்த்தேன், ரசித்தும் பார்த்தேன். அதனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அகப்பையை எடுத்துக்கொண்டு அவளோடு சோறு வடிக்க உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கியதும் சிரஸ்தாரின் தலை கீழே போனது. பெண்கள் பக்கம் மூச்சுவிடாமல் சீனாக்காவைப் பார்த்தது. அவள் பாட்டுப் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். சடக்கென்று தலை மேலே வந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார். சபை முழுவதும் கேட்கும்படி, சீனாக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணும் மாட்டல."